சிவப்பு மாத்திரையும் நெத்திலிக் குழம்பும்

நர்சம்மா கொடுத்த மாத்திரை அட்டைகள் வீட்டில் இருக்கின்றன. அவை வயிற்றுக்குள் போகின்றனவா, போனாலும் உடம்பில் சேர்கின்றனவா, அதனால் பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம். கோவளம், முட்டுக்காடு, திருவிடந்தை, மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. படகு கரையேறும் நேரத்துக்கும் மீன் விற்கப் போகும் நேரத்துக்கும் ஏற்பவே இங்கே சமையலும் சாப்பாடும் நடக்கின்றன. ஆஸ்பத்திரி அட்டையில் 'காலை, மதியம், இரவு' என்று எழுதிக் கொடுத்தால், அது இந்த வீடுகளின் நாளோடு ஒத்துப்போவதில்லை. மாத்திரை மீந்துபோவதற்கு அலட்சியத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு உதவியும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கிற மாநிலத்தில் ஏன் இந்த நிலை? மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. கையிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வழியில்தான் தவறிவிடுகிறது.

கீரையும் மீனும் போதாதா?

"நாங்க தினமும் மீனு திங்கிறோம், முருங்கைக்கீரை கொல்லையிலயே இருக்கு, எங்களுக்கு எதுக்கு மாத்திரை?" என்று கேட்கும் மாமியார்களை எந்தக் கடலோரக் குப்பத்திலும் பார்க்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் தெரியும்.

ஒரு கர்ப்பம் முழுவதற்கும் தாயின் உடம்புக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது; மீதி, தாயின் ரத்தம் பெருகுவதற்கும் பிரசவத்தில் இழக்கும் ரத்தத்துக்கும். இந்தத் தேவையின் பெரும்பங்கு கர்ப்பத்தின் பிற்பகுதியில்தான் வருகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில் இருக்கும் இரும்பு நாலரை மில்லிகிராம் அளவுதான். அதிலும் உடம்பு ஏற்றுக்கொள்வது சிறு பங்கு. நல்ல சாப்பாடு சாப்பிடும் பெண்ணுக்குக்கூட அந்தக் கடைசி மாதங்களில் பற்றாக்குறை விழுவது இயல்பு. அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள் போட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள்.

அதற்காகக் கீரையையும் மீனையும் ஒதுக்கிவிடக் கூடாது. மீனிலும் கறியிலும் உள்ள இரும்பு எளிதாக உடம்பில் சேரும். கூடவே சாப்பிடும் கீரையின் இரும்பையும் சேரவைக்கும். முருங்கைக்கீரைப் பொரியலும் நெத்திலிக் குழம்பும் ஒரே இலையில் வந்தால், இரண்டையும் தனித்தனியாகச் சாப்பிடுவதைவிட லாபம். நெத்திலியை முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. கவளை, காணாங்கத்தை போன்ற எண்ணெய்ச்சத்துள்ள மீன்களில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு, பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது. நகரத்தில் மாத்திரையாக விலைக்கு விற்கப்படும் அந்தச் சத்து இங்கே ஏலத்தில் மலிவாகப் போகும் மீன்களிலேயே இருக்கிறது. நல்ல மீன் என்றால் வஞ்சிரமும் வவ்வாலும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

எந்த மாத்திரை, எந்த நேரம்

முதல் மூன்று மாதத்துக்கு ஃபோலிக் அமில மாத்திரை மட்டும், தினம் 400 மைக்ரோகிராம். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால், பிள்ளை வேண்டும் என்று நினைத்த மாதத்திலிருந்தே இதைத் தொடங்குவது நல்லது. முந்தைய பிள்ளைக்குத் தண்டுவடக் குறை இருந்திருந்தாலோ, நீங்கள் வலிப்புக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ, இந்த அளவு போதாது. பத்து மடங்கு வரை தேவைப்படலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்காம் மாதம் தொடங்கியதும் மூன்று மாத்திரைகள் வந்து சேரும். இரும்பு ஒன்று, கால்சியம் இரண்டு. கால்சியம் ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பைத் தடுத்துவிடும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீயும் காபியும் இரும்புக்கு எதிரி. குடித்து ஒரு மணி நேரமாவது போகட்டும்.

நம் வீடுகளில் இரவு படுக்கும்முன் கர்ப்பிணிக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பது வழக்கம். வசதி உள்ள வீட்டில் அதில் குங்குமப்பூ. அன்போடு கொடுக்கும் அந்தப் பாலில்தான் பலர் சிவப்பு மாத்திரையையும் விழுங்குகிறார்கள். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து இரும்பைச் சேரவிடாமல் செய்துவிடும். 'ஆறு மாதமாகத் தவறாமல் போட்டேன், ரத்தம் ஏறவே இல்லை' என்று வருந்தும் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது, எதோடு போட்டாய் என்பதுதான். பாலைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். மாத்திரைக்குத் தண்ணீர் போதும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் இன்னும் நல்லது. நெல்லிக்காய், கொய்யா கிடைக்கும் நாளில் ஒரு துண்டு கடித்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையோடு கேளம்பாக்கம் பக்கம் விற்கப் போகும் பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். நாலரைக்கு எழுந்து ஒரு டீ. பத்து மணிக்கு மேல்தான் ஏதாவது சாப்பாடு. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. இவருக்கு முதல் கால்சியம் பத்து மணிச் சாப்பாட்டுக்குப் பின், இரண்டாவது மூன்று மணிச் சாப்பாட்டுக்குப் பின். கால்சியத்தை வெறும் வயிற்றில் போட்டால் எரியும். இரும்பு மாத்திரை இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது. வெறும் வயிற்றில் போட்டால் இரும்பு நன்றாகச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் குமட்டி வாந்தியில் போய்விட்டால் என்ன பயன்? படுக்கும்போது போட்டால் குமட்டல் தூக்கத்தில் தெரியாமல் போய்விடும். வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் இந்த நேரங்கள் பொருந்தும். ஒரு முக்கியமான திருத்தம்: நாலரை மணி டீயோடு ஒரு கேழ்வரகு உருண்டையோ, இரண்டு வாழைப்பழமோ, வேகவைத்த முட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் பத்து மணிவரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதில்லை.

சிவப்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும். அது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. அதைப் பார்த்துத்தான் 'மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்' என்ற பேச்சு கிளம்பியிருக்க வேண்டும். பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழியாக வருவது. இரும்பு மாத்திரைக்கும் அதில் பங்கில்லை, குங்குமப்பூவுக்கும் பங்கில்லை. மலச்சிக்கல் மட்டும் நிஜமான தொல்லை. தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டுங்கள். தாங்க முடியவில்லை என்றால் நர்சம்மாவிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஹீமோகுளோபின் 7 முதல் 10.9 வரை இருந்தால், தினம் இரண்டு சிவப்பு மாத்திரை என்பது அரசின் நெறிமுறை. ஒரு மாதம் போட்டும் ஏறாவிட்டால், அல்லது 7-க்குக் கீழே இருந்தால், ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கும். 'குளுக்கோஸ் ஏத்துற மாதிரி' என்று சொல்வார்கள். அதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். கடைசி மூன்று மாதத்தில் 7-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரியில் சேர்வதைத் தள்ளிப்போடவே கூடாது. 5-க்குக் கீழே என்றால் எந்த மாதமாக இருந்தாலும் அன்றே போக வேண்டும்.

இரும்பு ஏறாததற்கு இன்னொரு காரணம் காலடியில் இருக்கலாம். கொக்கிப்புழு ஈர மணலில் வளர்ந்து, வெறுங்காலின் தோல் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சுகிறது. நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒரு முறை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுப்பது இதற்குத்தான். முதல் மூன்று மாதத்தில் அதைப் போடக் கூடாது. கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்தே பழகிய கால்களுக்கு இது கஷ்டம்தான். இந்தப் பத்து மாதமாவது செருப்பு போடுங்கள்.

பிள்ளைக்கு எத்தனை கிராம்?

இவ்வளவும் செய்தால் பிள்ளையின் எடை எவ்வளவு கூடும்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் டப்பாவில் சத்துமாவு விற்பவர்கள் சொல்வதில்லை.

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த பிள்ளை. குளிர் தாங்காது, சீக்கிரம் தொற்று பிடிக்கும், பால் உறிஞ்சத் தெம்பிருக்காது. போதிய உணவில்லாத தாய்மார்களுக்கு மாவுச்சத்தோடு புரதமும் அளவாகக் கலந்த கூடுதல் உணவு கொடுத்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சராசரியாகக் கூடிய எடை சுமார் 40 கிராம். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் மாதத்துக்கேற்ற வளர்ச்சியில்லாமல் சிறுத்துப் பிறக்கும் பிள்ளைகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். சராசரி நகர்வது கொஞ்சம். விளிம்பில் இருக்கும் பிள்ளைக்கு அதுவே பெரிய வித்தியாசம்.

அதே ஆய்வுத் தொகுப்பில், புரதத்தை மட்டும் மிக அதிகமாகக் கொடுத்தபோது சிறுத்த பிள்ளைகள் கூடினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அதிகப் புரதப் பவுடரைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது இதனால்தான். மருந்துக்கடையில் நூற்றுக்கணக்கில் விலை போட்டு அடுக்கியிருக்கும் டப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் பருப்பும் பாலும் வாங்கினால் பிள்ளைக்கு உதவும்.

நம் நாட்டிலேயே நடந்த இரண்டு ஆய்வுகளைத் தெரிந்துகொள்வது நல்லது. புனே அருகே கிராமங்களில் 1990-களில் கர்ப்பிணிகளின் சாப்பாட்டைக் கவனித்தார்கள். கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் அளவில் பெரிதாகப் பிறந்தார்கள். அதைத் தொடர்ந்து மும்பைக் குடிசைப் பகுதிகளில் கீரை, பழம், பால் சேர்த்த ஒரு சிற்றுண்டியைப் பெண்களுக்குத் தினமும் கொடுத்தார்கள். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் எடை சொல்லும்படி கூடவில்லை. கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கியவர்களுக்கு 48 கிராம் கூடியது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் குறைந்தது. மிகவும் மெலிந்த பெண்களுக்கு மட்டும் அந்தச் சிற்றுண்டி பயன்படவில்லை. அவர்களுக்கு முதலில் வயிறு நிறையச் சோறு வேண்டியிருந்திருக்கலாம். கல்யாணமான பெண் சாப்பிடுவது கடைசிப் பந்தியில் என்றிருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்த பின் கவனிப்பது பாதி வேலைதான்.

'நிறையத் தின்றால் பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும்' என்று சொல்லி எட்டாம் மாதத்தில் சோற்றைக் குறைக்கும் பழக்கமும் உண்டு. வேண்டவே வேண்டாம். நடுத்தர உடல்வாகு உள்ள பெண்ணுக்குப் பத்து மாதத்தில் 10 முதல் 12 கிலோ கூடுவது சரியான அளவு. பிள்ளை மிதமிஞ்சிப் பெருப்பது பெரும்பாலும் சர்க்கரையால். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை என்ற இந்த எளிய முறையை நாடெங்கும் கொண்டுசென்றவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. சர்க்கரை இருப்பவர்கள் பேரீச்சையையும் இனிப்பு சேர்ந்த சத்துமாவையும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

கால்சியம் பிள்ளையின் எலும்புக்கு என்று எல்லோரும் நினைக்கிறோம். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. சுண்ணாம்புச் சத்து குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வராமல் அது தடுக்கிறது. ரத்தக்கொதிப்பு வந்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்து, பிள்ளை வளர்வது நின்றுவிடலாம். பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது: ரத்தக்கொதிப்பைத் தடுப்பதில் தினம் 500 மில்லிகிராம் கால்சியம், 1,500 மில்லிகிராமுக்குக் குறைந்ததில்லை. ஆகவே, ஒரு வேளை தவறிப்போனால் பதற வேண்டாம்; இன்னொரு வேளையை விட்டுவிடாதீர்கள். கருவாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். உப்பு ஏறிய கருவாடு தினசரிப் பழக்கமாக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

மீன் சாப்பிடும் வீட்டில் பி12 குறைவு அரிது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். புனே ஆய்வில், தாய்க்கு ஃபோலிக் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்தபோது, பிள்ளைக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை.

சுறாப்புட்டும் அரசுப் பெட்டகமும்

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறா வாங்கி, மஞ்சள் போட்டு அவித்து, தோல் உரித்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தாளித்துப் புட்டாகக் கொடுப்பது இந்தக் கடற்கரையின் பாசம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வது. கடலில் கலந்த பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அது தாய் வழியாகப் பிள்ளையின் மூளைக்குப் போகும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்றே பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. அதே பூண்டும் வெங்காயமும் போட்டுக் காரப்பொடியையோ நெத்திலியையோ சமைத்துக் கொடுங்கள். பால் ஊறுவதற்குப் பிள்ளை அடிக்கடி சப்புவதுதான் முதல் மருந்து; தாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடும் தண்ணீரும் வேண்டும்.

மீன் எண்ணெய் மாத்திரை வாங்குபவர்கள், அது ஈரல் எண்ணெயா என்று பாருங்கள். ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம். மிஞ்சினால் கருவில் குறை உண்டாக்கும்; கர்ப்பத்தில் டாக்டர் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஃபைபர் படகு போனாலும் மீன் விலை ஏறி, வீட்டுக்கு எடுத்துவைப்பது குறைந்துவிடும். அந்த மாதங்களில் தினம் ஒன்றிரண்டு முட்டை, பருப்பு, அங்கன்வாடி சத்துமாவு என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். ரமலானில் கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் நோன்பிலிருந்து மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. உடம்பு தளர்ந்திருந்தால் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. 2018 முதல் இதன் மதிப்பு 18,000 ரூபாய்: 14,000 பணமாகவும், 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சை, நெய், இரும்புச்சத்து டானிக், குடற்புழு மாத்திரை போன்றவை இருக்கும். 19 வயது நிறைந்தவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்.

பெட்டகம் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே பேரீச்சை தீர்ந்துவிடுவதும், சத்துமாவை மூத்த பிள்ளைகள் பாலில் கலந்து குடித்துவிடுவதும் வழக்கமாக நடப்பதுதான். பிள்ளை கேட்டால் தாய் எப்படி மறுப்பாள்? வீட்டு ஆண்களும் பெரியவர்களும்தான் இதில் முன்வந்து, அது அவளுக்கு என்று எடுத்து வைக்க வேண்டும். டானிக்கும் சிவப்பு மாத்திரையும் இரண்டுமே இரும்பு. கூடவே தனியார் டாக்டர் எழுதிய மல்டிவைட்டமினிலும் இரும்பு இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நர்சம்மாவிடம் காட்டி, எது போதும் என்று கேளுங்கள். பதினைந்து சத்துக்கள் சேர்ந்த மாத்திரை, எடை குறைந்த பிறப்புகளை நூற்றுக்குப் பன்னிரண்டு அளவு குறைப்பதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. நம் அரசுத் திட்டத்தில் இப்போது இருப்பது சிவப்பு மாத்திரைதான், அதை ஒழுங்காகப் போடுவதே முதல் வேலை.

பிரசவ அறையில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளை நன்றாக அழுதால், தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுப்பது. அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து இறங்கும் ரத்தம் பிள்ளையின் இரும்புச் சேமிப்பு. தாய்ப்பாலில் இரும்பு குறைவு என்பதால், முதல் ஆறு மாதம் பிள்ளை அந்தச் சேமிப்பில்தான் வளரும்.

பிறந்த முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பிறகு முதல் மூன்று மாதம் தினம் 25 முதல் 30 கிராம் கூடினால் நல்ல வளர்ச்சி. திரும்பாவிட்டால் டப்பாப் பாலுக்குப் போகாமல் முதலில் நர்சம்மாவிடம் காட்டுங்கள். பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தினாலே பல நேரம் சரியாகிவிடும். உங்கள் சிவப்பு மாத்திரையும் கால்சியமும் இன்னும் ஆறு மாதம் தொடர வேண்டும். தாய் வீட்டுக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளையும் தாய் சேய் அட்டையையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தீர்ந்தால் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கலாம். அடுத்த பிள்ளைக்கு மூன்று வருஷம் இடைவெளி விடுங்கள். காப்பர்-டி எடுக்கப் போகும் அன்றே ஃபோலிக் மாத்திரையையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.